நாகல் நகர் சைனாவும் நானும்

பதினோரு வருடமாக நான் அமெரிக்கா. திண்டுக்கல்லில் என்னை ராயப்பராஜ் என்று பெயர் சொல்லி அழைப்பவள் என் மனைவி ரோஸ்மேரி ஒருத்திதான், அதுவும் கோபம் வந்தால். மற்ற எல்லாருக்கும் நான் 'அமெரிக்கா சார்'. தொழில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெயர் கிடைத்தது பட்டிமன்றத்தில். 'உலகை ஆளப்போவது அமெரிக்காவா, சீனாவா?' என்ற ஒரே தலைப்பில் நூற்று நாற்பது மேடைக்கு மேல் ஏறிவிட்டேன். மாரியம்மன் திருவிழா, மாதா திருவிழா, பள்ளி ஆண்டு விழா, அய்யலூரில் ஆட்டு வியாபாரிகள் சங்கம் வரைக்கும் போயாயிற்று. ஆடு விற்க வந்தவர்களுக்கு வாஷிங்டன் சமாசாரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நன்றாகக் கை தட்டினார்கள்.

எதிரணியில் எப்போதும் ஒரே ஆள். முத்துக்கிருஷ்ணன். சொந்த ஊர் பழனிப் பக்கம் தொப்பம்பட்டி, நாகல் நகரில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். சார்ஜர், சீரியல் பல்பு, கொசு அடிக்கிற பேட் என்று கடையில் இருப்பது அத்தனையும் சீனச் சரக்கு. அதனாலேயே சீனாவுக்குப் பேச அவரைப் போட்டார்கள். மனிதர் சென்னைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. நானும் அமெரிக்காவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் பட்டிமன்றத்துக்கு ஒரு தடையே இல்லை.

"போனைப் படம் வரையறது அமெரிக்காங்க. அதைச் செஞ்சு கையில கொடுக்கறது யாரு?" என்பார் அவர்.

"அந்தப் போனைச் செஞ்சு காசு பாத்தவன் மகன் படிக்கப் போறது எந்த ஊருக்குய்யா?" என்பேன் நான்.

"சண்டை விமானத்துக்கு வேணும்கற காந்தத்தை எங்ககிட்ட வாங்கிப்போட்டு, எங்களையே முறைக்கறீங்களே, நியாயங்களா?"

"உங்க ஊருப் பன்னிக்குப் போடுற சோயா எங்க காட்டுல வெளையுது. நாங்க நிறுத்துனா அது பட்டினி!"

என்னுடைய பாயிண்ட் எல்லாமே அவருடைய பாயிண்ட்டுக்குப் பதில். அவருடையதெல்லாம் என்னுடையதற்குப் பதில். காரில் போகும்போதே யார் எடுத்துக் கொடுப்பது, யார் அடிப்பது என்று பேசி வைத்துக்கொள்வோம். மேடையில் கடித்துக் குதறுவோம். திரும்பி வரும்போது வேடசந்தூரில் இறங்கி ஆளுக்கு ரெண்டு இட்லி சாப்பிடுவோம். இப்படித்தான் உலகம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் கெட்டது என் பல்லால். மேல் வரிசை மொத்தமும் எனக்குச் செட்டுதான். அது சீனாவில் செய்த பல் என்று டாக்டர் சொன்னதை ஒருநாள் காரில், நண்பர் என்று நம்பி, முத்துக்கிருஷ்ணனிடம் சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரம் அய்யலூரில் நான் உச்சத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் எழுந்து, "நடுவர் அவர்களே, அமெரிக்காவுக்காக இம்புட்டு நேரம் பேசுன வாயில இருக்கறது எங்க சைனாப் பல்லுங்க!" என்றார். கூட்டம் ரெண்டு நிமிடம் சிரித்தது. ஒரு ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கக்கூட ஆளில்லை. இது காரில் பேசி வைத்த பாயிண்ட் இல்லை. அன்றோடு அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

பேச்சை நிறுத்தலாம், பட்டிமன்றத்தை நிறுத்த முடியுமா? எங்களை ஜோடியாகத்தான் கூப்பிடுவார்கள். காருக்கும் ஒரு வாடகைதான் தருவார்கள். அதனால் அயாஸ் ஓட்டுகிற காரில் நான் முன்னால், அவர் பின்னால். அயாஸ் மட்டும் இல்லாவிட்டால் ரெண்டு வல்லரசும் நடுரோட்டில் நின்றிருக்கும்.

"அயாஸ், அவருகிட்டச் சொல்லு, இன்னைக்கி காந்தத்தை முதல்லயே எடுக்கச் சொல்லி."

"அண்ணே, காந்தத்தை முதல்ல எடுக்கணுமாம்."

"சரிங்க அயாஸ். வரி போட்டா யாருக்கு வலிக்கும்னு அவரை ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. அதுக்குப் பதில் வெச்சிருக்கறேன்."

பன்னிரண்டடி நீளமுள்ள காரில் பதினான்கு மாதம் இப்படி ஓடியது. அயாஸ் இப்போது வரி விதிப்பைப் பற்றித் தனியாகவே பேசுவான்.

இந்தப் பதினான்கு மாதத்துக்குள் என் நெஞ்சில் இருந்த பாரம் வேறு. என் மகள் ஐரின் ஒஹாயோவில் இருக்கிறாள். பேரன் ரோஷனுக்கு ரெண்டரை வயது. ரோஸ்மேரி பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்து, அவனைத் தூக்கி, குளிப்பாட்டி, தூங்க வைத்துவிட்டு வந்தாள். நான் அவனைத் தொட்டதுகூட இல்லை. அவனுக்குத் தாத்தா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். பேசி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்து, "தாத்தா தூங்குது" என்பானாம். இதைச் சொல்லி ஐரின் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அவனுடைய இரண்டாவது பிறந்தநாளுக்குப் போக விசா கேட்டேன். சென்னையில் நேர்காணல். தமிழிலேயே பேசலாம் என்றார்கள், அதுதான் எனக்குக் கேடு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மைக் வேறு இருந்தது. எதற்காக அமெரிக்கா போகிறீர்கள் என்று கேட்டார்கள். பேரனைப் பார்க்க, ஒரு மாதம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மைக்கைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஏறிவிட்டது. "வாய்ப்புகளின் தாய்நாடு அமெரிக்கா! உழைப்பவனைத் தூக்கி வைக்கும் பூமி! ஒருமுறை கால் வைத்தவன் திரும்ப நினைக்காத மண்!" என்று முழங்கினேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் கைகூடத் தட்டினார். விசா இல்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் 'பேப்பர்ல ஏதோ கொறையாம்' என்றேன். உண்மையை ரோஸ்மேரிக்கே சொல்லவில்லை. முத்துக்கிருஷ்ணன் காதுக்குப் போனால் அடுத்த மேடையில் நாறிப்போகும் என்ற பயம்.

இந்த நிலையில்தான் ஸ்டீபன்ராஜ் ஊருக்கு வந்தார். திண்டுக்கல்காரர், ஒஹாயோவில் ஐரின் இருக்கிற ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். எங்கள் மாதா கோவில் பங்குத் திருவிழாவில் பட்டிமன்றம் கேட்டுவிட்டு, நல்ல பேச்சாளர் ஒருவரைச் சங்க விழாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு டிக்கெட். அழைப்புக் கடிதம், தங்குகிற இடம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு.

அன்றைக்கு நான் செய்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். முத்துக்கிருஷ்ணன் எதிரில் இருந்தால் பாதிக் கைதட்டல் அவருக்குப் போகும், டிக்கெட்டும் போகலாம். விழாக் கமிட்டியிடம் போய், "முத்துக்கிருஷ்ணனுக்குத் தொண்டை கட்டிருச்சு, வேற ஆளப் போடுங்க" என்றேன். காலேஜில் பொருளாதாரம் நடத்துகிற ஜீவிதாவை நானே சொல்லிக் கொடுத்தேன். படித்த பிள்ளை, புள்ளிவிவரம் பேசும், கூட்டம் கொட்டாவி விடும், நான் அடித்துத் தூக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். கோவில் முழுக்கச் சீரியல் செட்டும் மைக் செட்டும் முத்துக்கிருஷ்ணன் கடையிலிருந்துதான் வருகிறது. அன்று சாயங்காலம் நான் வந்து இறங்கும்போது அவர் மேடைக்குப் பக்கத்தில் மூங்கில் ஏணியில் நின்று பல்பு மாலையைக் கட்டிக்கொண்டிருந்தார். 'தொண்டை கட்டியதால் முத்துக்கிருஷ்ணனுக்குப் பதில் ஜீவிதா' என்ற பட்டிமன்ற நோட்டீஸ் அவர் முகத்துக்கு நேராகவே ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அயாஸைப் பார்த்துச் சொன்னார்.

"அயாஸ், அவருகிட்டச் சொல்லுங்க, என்ற தொண்டை நல்லாத்தான் இருக்குதுன்னு."

அயாஸ் என்னிடம் திரும்பினான். "கேட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினேன்.

பட்டிமன்றம் தொடங்கியது. நான் எழுந்து, "சைனா சாமான் வாங்குனா வீடு போயிச் சேருற வரைக்கும் தாங்குமாய்யா?" என்றேன். முத்துக்கிருஷ்ணனாக இருந்தால் இந்த இடத்தில் துள்ளி எழுந்து மைக்கைப் பிடுங்குவார். ஜீவிதா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. அதன் முறை வந்ததும், "ஐயா சொன்ன எல்லாமே சரி. தரக் கட்டுப்பாட்டில் அந்தக் குறை உண்மையிலேயே இருந்தது" என்று ஆரம்பித்தது. பிறகு ஆறே நிமிடத்தில், அமெரிக்காவால் சீனா இல்லாமல் செய்ய முடியாது, சீனாவால் அமெரிக்கா இல்லாமல் விற்க முடியாது, ஒருவர் வீழ்ந்தால் மற்றவருக்கும் அடி, ஆகவே ஜெயிப்பது யார் என்ற கேள்வியே தவறு என்று சொல்லி, எனக்கு ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்துவிட்டது. அத்தனையும் உண்மை. ஆனால் அதற்குமேல் பட்டிமன்றத்தில் பேச என்ன இருக்கிறது?

மறுபடி எழுந்தேன். "சோயா!" என்றேன். ஜீவிதா அதையும் எழுதிக்கொண்டது. "எங்க யூனிவர்சிட்டி!" என்றேன். ஜீவிதா ஆமாம் என்று தலையாட்டியது. பதினோரு வருடமாக நான் பேசியதெல்லாம் பாதி வசனம் என்பது அப்போதுதான் தெரிந்தது. மீதிப் பாதி ஏணி மேல் நின்றது. பின்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை எழுப்பினார்கள். பந்திப் பக்கமிருந்து பிரியாணி வாசம் வந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். முன்வரிசையில் ஸ்டீபன்ராஜ் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இருபது நிமிடத்தில் என் ரோஷன் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

முத்துக்கிருஷ்ணனைப் பார்த்தேன். ஏணியை விட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. தெரிந்த ஒரே வழியில் கேட்டேன். மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "இந்த ராயப்பராஜ் உடம்புல ஓடுற ரத்தம், எலும்பு, பல்லு அம்புட்டும் அமெரிக்காவுக்காகத்தான்! சந்தேகம் இருக்கிறவன் எந்திரிச்சுக் கேளு!" என்றேன். பல்லு என்பதை மட்டும் ரெண்டு தரம் சொன்னேன்.

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு ஏணிப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏனுங்க அமெரிக்கா! ரத்தத்தையும் எலும்பையும் வெச்சுக்கோங்க. பல்லை மட்டும் எங்ககிட்டத் திருப்பிக் கொடுத்துருங்க!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. பந்திக்குப் போனவர்கள் இலையை விட்டுத் திரும்பி வந்தார்கள். முத்துக்கிருஷ்ணன் அப்படியே மேடை ஏற, ஜீவிதா தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கீழே போய் உட்கார்ந்து சிரித்தது. அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் என்னவெல்லாம் பேசினோம் என்று எங்களுக்கே தெரியாது.

முடிந்ததும் ஸ்டீபன்ராஜ் என் கையைப் பிடித்தார். "ஒரு டிக்கெட்டுக்குத்தான் சார் கேட்டு வச்சிருந்தேன். மொத இருபது நிமிஷம் நீங்க தனியாப் பேசுனதப் பாத்தேன், பயந்துட்டேன். ரெண்டு டிக்கெட் போடச் சொல்லிட்டேன்" என்றார்.

காருக்கு வந்து, "அயாஸ், அவருக்கு நன்றின்னு சொல்லு" என்றேன். "பல்லை நல்லாக் கழுவி வெக்கச் சொல்லுங்க அயாஸ்" என்று பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. நேரடிப் பேச்சுவார்த்தைக்கு ரெண்டு தரப்பும் இன்னும் இறங்கி வரவில்லை.

ரெண்டு மாதம் கழித்து அதே காரில் விசா நேர்காணலுக்குச் சென்னை போனோம். விழுப்புரம் தாண்டும்போது அயாஸ் சொன்னான்: "சார், உள்ள என்ன கேப்பாங்க, எப்படிப் பேசணும்னு அண்ணன் கேக்குறாரு. நீங்க ஒரு வாட்டி போயிருக்கீகல்ல?"

சொல்லியிருக்கலாம். அமெரிக்காவைப் புகழாதே என்ற ரெண்டே சொல். ஆனால் அதைச் சொன்னால் நான் ஏன் திரும்பி வந்தேன் என்ற கதையும் வெளியே வரும். பல்லை நினைத்துக்கொண்டேன். "தெரிஞ்சதப் பேசச் சொல்லு" என்றேன்.

உள்ளே எங்களை வேறு வேறு கவுன்ட்டருக்குப் பிரித்துவிட்டார்கள். என் முறை வந்தது. அதே கண்ணாடி, அதே மைக். போன தடவை மறுத்திருக்கிறோமே, இப்போது எதற்காக அமெரிக்கா என்று கேட்டார்கள். 'வாய்ப்புகளின்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். என் வசனத்தை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? முத்துக்கிருஷ்ணன் வசனம் தெரியும். நூற்று நாற்பது மேடையில் கேட்டது, தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"அந்த ஊர்ல மனுஷன் இருப்பானுங்களா?" என்றேன். அந்தக் கொங்குப் பேச்சோடு சேர்ந்தேதான் வந்தது. "குளிர் எலும்பைக் கடிக்குமுங்க. ஒரு டீ குடிக்கோணும்னா காரை எடுக்கோணும். பக்கத்து வீட்ல ஆளு இருக்கறானா செத்தானான்னு தெரியாது. எங்க ஊர்ல முக்குக்கு முக்கு டீக்கடை இருக்குதுங்க. பேரனைப் பார்த்துப்போட்டு, ஒரு கூட்டம் பேசிப்போட்டு, பத்தாம் நாள் ஓடி வந்துருவனுங்க."

அந்த அதிகாரி சிரித்துவிட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசா வீட்டுக்கு வரும் என்றார்.

வெளியே அயாஸ் காருக்குப் பக்கத்தில் முத்துக்கிருஷ்ணன் நின்றார். அவர் கையில் பாஸ்போர்ட் இருந்தது. நான் அயாஸைப் பார்த்தேன். அயாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னய்யா ஆச்சு?" என்றேன் முத்துக்கிருஷ்ணனிடம் நேராக. பதினாறு மாதத்துக்குப் பிறகு.

"கெடைக்கலீங்க. தெரிஞ்சதப் பேசச் சொன்னீங்களாம். உள்ள நெருங்குனதும் பயம் வந்துருச்சுங்க. அவங்க ஊருக்கே போய் நின்னுக்கிட்டு சைனாப் பேச்சா பேச முடியும்? உங்க வசனம்தானுங்க ஞாபகம் வந்துச்சு. வாய்ப்புகளின் தாய்நாடுன்னு ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போச்சுங்க. ஒருமுறை கால் வைத்தவன் திரும்ப நினைக்காத மண்ணுன்னு முடிச்சேன், பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டாங்க."

நடைபாதையிலேயே உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். போன தடவை நான் முழங்கியது, மறைத்தது, இன்று அவருடைய வசனத்தைச் சொல்லித் தப்பித்தது, எல்லாவற்றையும். பாவி நான், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கும் கிடைத்திருக்குமே என்று அழுதுவிட்டேன். அவர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன்.

"குளிர் எலும்பைக் கடிக்கும்னு சொன்னீங்களா?" என்றார் கடைசியில்.

"சொன்னேன்."

"டீக்கடை?"

"அதையும் சொன்னேன்."

"அப்ப ஜெயிச்சது என்ற பாயிண்ட்டுதானுங்க. எந்திரிங்க, பசிக்குது."

ஒஹாயோவுக்குத் தனியாகப் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் ரோஷன் என்னைப் பார்த்துவிட்டு ஐரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "தாத்தாடா" என்றாள் ஐரின். அவன் அவள் கைப்பையைக் காட்டி, உள்ளே இருந்த போனைக் காட்டி, "தாத்தா" என்றான். ஐந்து நாள் ஆகியும் கிட்ட வரவில்லை. நான் உட்கார்ந்த சோபாவில் உட்கார மாட்டான். பத்து நாளில் ஐந்து நாள் போயே போய்விட்டது.

ஆறாம் நாள் சாயங்காலம் சங்க விழா. முத்துக்கிருஷ்ணன் இல்லாமல் பேச மாட்டேன் என்று ஸ்டீபன்ராஜிடம் சொல்லியிருந்தேன். எதிரணி நாற்காலியில் ஒரு போனை நிமிர்த்தி வைத்து, அதற்கு முன்னால் ஒரு மைக்கையும் வைத்தார்கள். நாகல் நகரில் இன்னும் விடியவில்லை. முத்துக்கிருஷ்ணன் கடையைத் திறந்து, தலை சீவி, விபூதி பூசி, பின்னால் சீரியல் பல்பெல்லாம் எரிய உட்கார்ந்திருந்தார். நான் தொடங்குவதற்காக எழுந்தேன்.

முன்வரிசையிலிருந்து ரோஷன் ஐரின் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தான். படியேறி, என்னைத் தாண்டி, நேராக அந்த நாற்காலிக்குப் போய், "தாத்தா!" என்று போனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான்.

அரங்கம் முழுக்கச் சிரித்தது. "ஏனுங்க அமெரிக்கா, உங்க பேரனே எங்க கட்சிக்கு வந்துட்டானுங்க!" என்றது போன். நான் மைக்கை விட்டு விலகி நின்றேன். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரல் சட்டென்று இறங்கியது.

"கண்ணு, நான் உன்ற தாத்தா இல்ல சாமி. அந்தா, அங்க நிக்கறாரு பாரு. அவரு பல்லைக் கழட்டுவாரு. கழட்டச் சொல்லு பார்க்கலாம்."

ரோஷன் திரும்பி என்னைப் பார்த்தான். பதினாறு மாதம் நான் கட்டிக் காத்த மானம், எதிரில் இருநூறு பேர், பாதிப் பேர் திண்டுக்கல் பக்கம். மேடையிலேயே உட்கார்ந்து, வாய்க்குள் கையை விட்டு மேல் வரிசையைக் கழற்றி நீட்டினேன். ரோஷன் என் பொக்கை வாயைப் பார்த்தான், கையைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தத்தித் தத்தி வந்து, என் மடியில் ஏறி, வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பல்லைப் பிடுங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் இறங்கவும் இல்லை, பல்லைத் தரவும் இல்லை. பல் இல்லாமல் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு முத்துக்கிருஷ்ணனே ரெண்டு பக்கமும் பேசினார். சீனாவுக்கு அரை மணி நேரம், அமெரிக்காவுக்கு அரை மணி நேரம். அமெரிக்காவுக்குப் பேசும்போது என் குரலிலேயே பேசினார். என் பாயிண்ட் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.